தேரைப்பால்: எடுக்க அரை நிமிடம், பிரிக்க ஆறு மாதம்

பெங்களூரில் எலகங்கா பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் எம்.எஸ்சி. வேதியியல் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் மழை விழுந்ததிலிருந்து வாசல் விளக்கடியில் ஈசலுக்காகத் தேரைகள் கூடுகின்றன. பக்கத்து வீட்டு நாய் ஒரு தேரையைக் கவ்விவிட்டு நுரை தள்ளி விழுந்து, எப்படியோ பிழைத்துக்கொண்டது. அந்த விஷம் ஒரு ஸ்டீராய்டு என்று படித்தாராம். இரண்டாம் ஆண்டு ப்ராஜெக்டுக்குத் தானே பிடித்து, விஷம் எடுத்து ஆராயலாமா, அது புற்றுநோய்க்கு மருந்து என்பது உண்மையா என்பது கேள்வி.

ஆராயலாம், நல்ல தலைப்பு. ஆனால் தேரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்பேன். காரணம் சொல்வதற்கு முன், மழை இன்னும் இரண்டு மாதம் இருப்பதால் நாய் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

நாய் தேரையைக் கவ்விவிட்டால் முதல் வேலை வாயைக் கழுவுவது. தலையைக் கீழே சாய்த்துப் பிடித்து, கடைவாய்ப் பக்கமாகத் தண்ணீர் ஓடி வெளியே விழும்படி கழுவ வேண்டும். நேராகத் தொண்டைக்குள் பீய்ச்சினால் விஷத்தை நாமே விழுங்கவைத்த மாதிரி ஆகிவிடும். ஈறையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள். எச்சில் ஒழுகுவதோடு நின்றால் அதிர்ஷ்டம். ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவந்தாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. கழுவிய கையோடு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கும் கைவைத்தியம் வேண்டாம்.

இனி தேரை. உங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் நம் ஊர்ச் சாதாரணத் தேரைதான். விலங்கியல் பெயர் டுட்டாஃபிரைனஸ் மெலனோஸ்டிக்டஸ். பழைய கட்டுரைகளில் ‘பூஃபோ மெலனோஸ்டிக்டஸ்’ என்று இருக்கும், தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். நம் ஆட்கள் இந்தப் பிராணியின் மேல் சுமத்தாத பழி இல்லை. காயில் பருப்பு இல்லையென்றால் தேரை மோந்த தேங்காய், பிள்ளை இளைத்தால் தேரை தோஷம், கையில் மரு வந்தால் தேரையைத் தொட்டதால். தேங்காய்க்குக் காரணம் சத்துக் குறைவும் மகரந்தக் கோளாறும், மருவுக்குக் காரணம் ஒரு வைரஸ். உண்மையில் அது வைத்திருக்கும் ஆயுதத்தைப் பற்றி மட்டும் நம்மிடம் ஒரு பழமொழியும் இல்லை.

ஆயுதம் இருக்கும் இடம் கண்ணுக்குப் பின்னால், தோளுக்கு மேலே, அவரைக்கொட்டை மாதிரி புடைத்திருக்கும் இரண்டு சுரப்பிகள். தேரை தானாக விஷத்தைப் பீய்ச்சுவதில்லை. வெளியிலிருந்து அழுத்தினால்தான் துளைகள் வழியாகப் பால் வரும். நாயின் பல்தான் விசை. தேரை பாட்டுக்குத் தலையைக் குனிந்து, சுரப்பியைக் கடிக்கிறவன் வாய்க்கு நேராகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

பால் எடுப்பது ஆராய்ச்சிக்கூடத்தில் அரை நிமிட வேலை. சுரப்பியை விரலாலோ மழுங்கலான இடுக்கியாலோ மெல்ல அழுத்துவார்கள், முன்னால் பிடித்த கண்ணாடித் தகட்டில் வெள்ளைத் துளிகள் தெறிக்கும். தேரை சாகாது, சுரப்பி சில வாரங்களில் மீண்டும் நிரம்பும். பால் காற்றுப் பட்டதும் பசையாகி, காய்ந்து பழுப்பு நிறச் செதிலாகிவிடும். சீனாவில் இதையேதான் ‘சான் சு’ என்று பல நூற்றாண்டுகளாக மருந்துக்கடையில் விற்கிறார்கள், ஜப்பானில் இதன் பெயர் ‘சென்சோ’. சீன மருந்து நூல் சொல்லும் அளவு 15 முதல் 30 மில்லிகிராம்தான். ஒரு சிட்டிகைக்கும் குறைவு. எவ்வளவு பயந்து பயன்படுத்தினார்கள் என்று அதிலேயே தெரியும்.

கண்ணாடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு, அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன், இதே பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், பாலை இரும்புக் கரண்டியால் வழித்தேன். வெள்ளையாக இருந்தது கொஞ்ச நேரத்தில் கறுத்துப்போனது. கரண்டி அழுக்கு என்று நினைத்து மாதிரியைக் குப்பையில் போட்டுவிட்டேன். அந்தக் கறுப்பில் நோபல் தரத்துச் செய்தி ஒன்று இருந்தது என்பது அப்புறம் நூலகத்தில்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஜேக்கப் ஏபல் என்ற மருந்தியலாளர் இருந்தார். அட்ரீனலினைப் பிரித்தெடுக்கப் பல வருடம் உழைத்தவர். வெப்பமண்டலப் பெருந்தேரை ஒன்றைக் கையாளும்போது, சுரப்பியைத் தொட்ட கத்தியில் நீலப்பச்சைக் கறை படிவதைப் பார்த்தார். அந்த நிறம் அவருக்குப் பழக்கமானது. அட்ரீனலின் இரும்போடு சேர்ந்தால் காட்டும் நிறம். டேவிட் மாக்ட் என்பவரோடு சேர்ந்து 1911-12 வாக்கில் தேரை விஷத்திலிருந்து இரண்டு படிகங்களை எடுத்தார். ஒன்று அட்ரீனலினேதான். நம் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி சுரக்கும் அதே பொருளைத் தேரை தோலில் மூட்டை கட்டி வைத்திருக்கிறது. இன்னொன்று இதயத்தைப் பிடிக்கும் பொருள், அதற்கு ‘பூஃபாஜின்’ என்று பெயரிட்டார். சீனாவில் பால் சேகரிப்பவர்கள் இரும்பை அண்டவிடாமல் பீங்கானும் மூங்கிலும் பயன்படுத்தியது ஏன் என்பதற்கும் இதுவே விடை. அவர்களுக்கு அட்ரீனலின் தெரியாது, ஆனால் சரக்கு கறுத்தால் விலை போகாது என்று தெரியும்.

ஆக, ‘தேரை விஷம்’ என்று ஒரே ஒரு பொருள் கிடையாது. தண்ணீரில் கரையும் பக்கத்தில் அட்ரீனலின், பூஃபோடெனின் போன்ற அமீன்கள். கரிமக் கரைப்பானில் கரையும் பக்கத்தில் கொலஸ்ட்ராலும் நீங்கள் தேடும் ஸ்டீராய்டுகளும். இரண்டுக்கும் நடுவே, ஸ்டீராய்டின் 3-ஆம் கார்பனில் சுபெரிக் அமிலம் வழியாக ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்தைக் கட்டித் தொங்கவிட்ட பூஃபோடாக்சின்கள். இவை போகப் புரதம் வேறு, பசைக்குக் காரணம் அதுதான். தேரையை நக்கினால் போதை வரும் என்று ஒரு கதை உலவுகிறது. அது அமெரிக்க-மெக்சிகோ எல்லைப் பாலைவனத்தில் வாழும் வேறொரு தேரையைப் பற்றியது. அந்தத் தேரையையே யாரும் நக்க வேண்டாம் என்று 2022-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அறிவிப்பு போட வேண்டியிருந்தது. நம் தேரையிடம் போதை தேடிப் போகிறவனுக்கு இதயம்தான் நிற்கும்.

ஸ்டீராய்டுக்கு வருவோம். என்னைக் கேட்டால் விருந்தே இங்கேதான்.

ஏ, பி, சி, டி என்று நான்கு கார்பன் வளையங்கள் ஒட்டிய கொலஸ்ட்ராலின் சட்டம் உங்களுக்குத் தெரியும், எல்லா ஸ்டீராய்டுக்கும் அதுதான் அடிப்படை. கிட்டத்தட்டப் பலகை மாதிரித் தட்டையானது. தேரையின் பூஃபாலின் என்ற மூலக்கூறில் அந்தப் பலகையை இரண்டு முனையிலும் வளைத்திருக்கிறது. ஏ-பி வளையங்கள் சேரும் இடமும் சிஸ், அதாவது மடிந்த சேர்க்கை, சி-டி சேரும் இடமும் சிஸ். 14-ஆம் கார்பனில் பீட்டாப் பக்கமாக, அதாவது பலகையின் மேல்பக்கமாக, ஒரு ஹைட்ராக்சில். 17-ஆம் கார்பனில், கொலஸ்ட்ராலின் வால் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு இரட்டைப் பிணைப்போடு ஆறு அணு லாக்டோன் (வளையமாக மூடிய எஸ்டர்) வளையம், அதாவது ஒரு பைரோன். இந்தக் குடும்பத்துக்குப் பெயர் பூஃபாடையனோலைடு. மொத்தம் 24 கார்பன்.

இதன் பங்காளிகள் உங்கள் ஊர்ச் சாலையிலேயே நிற்கிறார்கள். கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையின் நடுவே வரிசையாக நட்டிருக்கும் அரளி, காலி மனைகளில் முளைக்கும் எருக்கு, கோயில் நந்தவனத்துப் பொன்னரளி. அவற்றில் இருப்பது கார்டெனோலைடு. அதே சி-டி வளைவு, அதே 14-பீட்டா ஹைட்ராக்சில், 17-இல் மட்டும் ஐந்து அணு லாக்டோன். 23 கார்பன். இதய மருந்தான டிஜாக்சினும் இந்தக் குடும்பம்தான். 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கில மருத்துவர் டிஜிடாலிஸ் செடியைப் பற்றி எழுதியதில் தொடங்கிய கதை அது.

ஆறு அணுவா ஐந்து அணுவா என்று கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், உங்கள் கல்லூரி யு.வி. (புற ஊதா ஒளி) ஸ்பெக்ட்ரோமீட்டரே போதும். கார்டெனோலைடு 217 நானோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும், பூஃபாடையனோலைடு 300 அருகே. நான் முதன்முதலில் அந்த 300 மேட்டைக் கண்ட சாயங்காலம் மத்திகெரேயில் கூட இருந்த நண்பர்களுக்கெல்லாம் காபி வாங்கிக் கொடுத்தேன்.

விஷம் எப்படி வேலை செய்கிறது? நம் செல் ஒவ்வொன்றின் சவ்விலும் ஒரு பம்பு உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் நண்டின் நரம்பில் இதைக் கண்டறிந்தார், நோபல் பரிசு வர 1997 ஆகிவிட்டது. வளைந்த ஸ்டீராய்டு அந்தப் பம்பின் வெளிவாயில் போய் ஆப்பு மாதிரி உட்காருகிறது. சோடியம் உள்ளே தேங்கும், அதன் தொடர்ச்சியாகக் கால்சியமும் ஏறும். கால்சியம் ஏறினால் இதயத்தசை இறுக்கிப் பிடித்து அடிக்கும். கொஞ்சம் ஏறினால் மருந்து. இன்னும் கொஞ்சம் ஏறினால் தாளம் தப்பும். அந்த இரண்டு ‘கொஞ்ச’த்துக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறியது.

1993-க்கும் 1995-க்கும் இடையே நியூயார்க்கில், தோலில் தடவ வேண்டிய காமமருந்து என்று விற்ற ஒரு பழுப்புக் கட்டியைத் தின்று ஐந்து ஆண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள், நான்கு பேர் இறந்தார்கள். கட்டியில் இருந்தது சான் சு-வில் இருக்கும் அதே சரக்கு. அவர்கள் டிஜாக்சின் சாப்பிடாதவர்கள், ஆனால் ரத்தப் பரிசோதனை டிஜாக்சின் இருப்பதாகக் காட்டியது. பரிசோதனைக்கான எதிர்ப்பொருளே பங்காளிகளைப் பிரித்தறியாமல் ஏமாந்துபோகும் அளவுக்கு உருவ ஒற்றுமை. அந்த ஒற்றுமையே சிகிச்சைக்கும் உதவுகிறது. டிஜாக்சினுக்கான முறிவு மருந்து தேரை விஷத்துக்கும் ஓரளவு கைகொடுக்கும்.

தேரைக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆவதில்லை? அதன் பம்பின் வாயில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன, ஆப்பு பொருந்தாது. தேரையைத் தின்று பழகிய பாம்புகள் பலவற்றிலும் இதே மாற்றம் தனியாகத் தோன்றியிருக்கிறது. ஜப்பானில் ஒரு பாம்பு இன்னும் ஒரு படி மேலே போய், தின்ற தேரையின் ஸ்டீராய்டைத் தன் கழுத்துச் சுரப்பியில் சேமித்துத் தனக்கு ஆயுதமாக்கிக்கொள்கிறது. தேரையே இல்லாத தீவில் பிடித்த அதே இனப் பாம்பின் கழுத்தில் அந்தப் பொருள் இல்லை என்று 2007-இல் காட்டினார்கள். மாறாக, நம் தேரை கப்பல் சரக்கோடு மடகாஸ்கருக்குப் போய்க் குடியேறிவிட்டது, அங்குள்ள பிராணிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு இந்த மாற்றம் இல்லை. அங்கே சூழலியலாளர்கள் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்கள்.

இன்னொரு முடிச்சு. 24 கார்பன், ஏ-பி சிஸ் என்றதும் உங்களுக்கு வேறு ஏதாவது நினைவுக்கு வந்ததா? பித்த அமிலம். கோலிக் அமிலத்திலும் அதே 24, அதே சிஸ். பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்ததற்காக 1927-ஆம் ஆண்டு நோபல் பெற்ற ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிக் வீலாண்ட்தான் தேரை விஷத்தையும் பல வருடம் பிரித்துக்கொண்டிருந்தார். பரிசு வாங்கியபோது அவர் வரைந்த ஸ்டீராய்டுச் சட்டம் தவறு. 1932-இல் பிரிட்டிஷ் இயற்பியலாளர் பெர்னாலின் எக்ஸ்-கதிர் அளவீடு வந்த பிறகுதான் சரியான சட்டம் தெரிந்தது. நோபல் வாங்கியவருக்கே அந்தக் கதி என்றால், மூலக்கூறில் எந்த அணு எங்கே இருக்கிறது என்று காட்டும் உங்கள் முதல் என்.எம்.ஆர். படம் புரியாததற்கு நீங்கள் அழ வேண்டியதில்லை. பின்னால் கதிரியக்கக் குறியிட்ட கொலஸ்ட்ராலைத் தேரைக்குக் கொடுத்துப் பார்த்தபோது, தேரை வாலை முழுக்க வெட்டாமல் பித்த அமிலம் போகும் தடத்தில் போய்ப் பைரோனைக் கட்டுகிறது என்று தெரிந்தது. செடிகள் அப்படிச் செய்வதில்லை. அவை வாலை வெட்டி 21 கார்பன் ஆக்கி, பிறகு புதிதாக ஒட்டுகின்றன. பாதை வேறு, வந்து சேரும் வளையம் ஒன்று.

செடிகள் என்றேன் அல்லவா? இதற்காகத்தான் தேரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் என்றேன். தமிழ்நாட்டில் வறண்ட மேட்டிலும் கடலோர மணலிலும் முளைக்கும் நரிவெங்காயத்தில் பூஃபாடையனோலைடு இருக்கிறது. சில்லாரென்-ஏ, அதன் உறவுகள். சர்க்கரை ஒட்டிய வடிவம், சர்க்கரையைக் கழற்றினால் சில்லாரெனின். 300 மேடு, பைரோன் வளையத்தின் மூன்று ஹைட்ரஜன்கள் எல்லாமே அப்படியே வரும். வீட்டு மாடியில் பலர் சிறுநீரகக் கல்லுக்கு என்று வளர்க்கும் ரணகள்ளியிலும் இந்தக் குடும்பம் உண்டு, ஆனால் அளவு மிகக் குறைவு, ப்ராஜெக்டுக்குச் சலிப்புத் தட்டும். நரிவெங்காயம் கிலோ கணக்கில் கிடைக்கும், யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. நறுக்கும்போது கையுறை போடுங்கள், அரிப்பெடுக்கும். சமையலறைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், அதுவும் அதே பம்பைத்தான் அடைக்கும்.

தேரைக்கு அப்படி இல்லை. அது முதுகெலும்புப் பிராணி. உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் தொட்டால், ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தையே கிழித்துப் போடச் சொல்வார்கள். காட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ பிடிப்பதற்கு வனத்துறையிடமும் பல்லுயிர் வாரியத்திடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். இதெல்லாம் முடியவே ஒரு செமஸ்டர் போய்விடும். அப்படி அனுமதி வாங்கிச் செய்கிற நாள் வந்தால் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அழுத்தாதீர்கள். துளி எந்தத் திசையில் தெறிக்கும் என்று தேரைக்கே தெரியாது. ஒவ்வொரு தேரைக்கும் கையுறை மாற்ற வேண்டும், ஒன்றின் தோல் பூஞ்சையை இன்னொன்றுக்குப் பரப்பக் கூடாது. பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பாலைவிட ஆபத்து காய்ந்த பொடி. மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, உதட்டில் பட்டால் மரத்துப்போகும்.

சரி, பால் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தேரையிடம் காய்ந்த நிலையில் கிடைப்பதை மில்லிகிராமில்தான் எண்ண வேண்டும், அதிலும் ஸ்டீராய்டு ஒரு பங்குதான். மெத்தனாலில் கரைத்து, நீருக்கும் கரிமக் கரைப்பானுக்கும் இடையே பங்கிட்டு, சிலிக்கா தூணில் ஏற்றுவீர்கள். அங்கேதான் ஆறு மாதம் போகும். பூஃபாலினுக்கும் ரெசிபூஃபோஜெனினுக்கும் வித்தியாசம் இரண்டு ஹைட்ரஜன். முன்னதில் 14-இல் ஹைட்ராக்சில், பின்னதில் 14-க்கும் 15-க்கும் பாலமாக ஒரு எபாக்சைடு. கலவையைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தட்டில் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஏறும். மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 387, 385 என்று பிரிந்து தெரியும், சினோபூஃபாஜின் 443-இல் வரும். சந்தோஷப்படுவதற்குள் 403-இல் ஒரு மேடு வரும். அது டெலோசினோபூஃபாஜினா, காமாபூஃபோடாலினா? இரண்டுக்கும் ஒரே வாய்பாடு. 417-லும் இதே வம்பு. எடையை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிய ஆய்வேடுகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். என்.எம்.ஆர். எடுக்காமல் பெயர் வைக்காதீர்கள். 7.8, 7.3, 6.3 அருகே பைரோனின் மூன்று ஹைட்ரஜன்களும் வந்தால் குடும்பம் உறுதி. ஆள் யார் என்று தெரிய மிச்சப் படத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பெங்களூரில் இருப்பதன் லாபம் இதுதான், கட்டணம் கட்டினால் வெளி மாதிரியை எடுத்துக்கொடுக்கும் கருவிகள் இந்த ஊரில் உண்டு. நரிவெங்காயத்தில் கை பழகிவிட்டால், ஒப்பிட்டுப் பார்க்கத் தூய பூஃபாலினைச் சில மில்லிகிராம் விலைக்கே வாங்கிக்கொள்ளலாம். ஒரு தேரையையும் தொடாமல் ப்ராஜெக்ட் முடியும்.

புற்றுநோய்? கிண்ணத்தில் வளர்த்த புற்றுச் செல்களை பூஃபாலின் கொல்கிறது, இது பல ஆய்வகங்களில் பார்த்த உண்மை. கிண்ணத்தில் செல்லைக் கொல்லும் பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அதில் வியப்பில்லை. ‘ஹுவாசான்சு’ என்ற தேரைத்தோல் சாற்றைக் கணையப் புற்றுநோயாளிகளுக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. சாறு சேர்த்ததால் பலன் கூடவில்லை. இதயத்தைத் தொடாமல் கட்டியை மட்டும் தொடும்படி மூலக்கூறை மாற்ற முயல்கிறார்கள், அது நடக்கட்டும். அதுவரை உங்கள் ஆய்வேட்டின் முன்னுரையில் ‘புற்றுநோய்க்கு அருமருந்து’ என்ற வரியை எழுதாதீர்கள். யாராவது உறவினர் படித்துவிட்டு, உண்மையிலேயே தேரை பிடிக்கப் போய்விடுவார்.

தேரைகளை விரட்டச் சொல்லிக் குடியிருப்போர் சங்கத்தில் யாரும் மனு கொடுத்தால் உங்கள் பங்குக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கரையானும் கரப்பானும் தின்று தீர்ப்பவை அவை. வாசல் விளக்கை ராத்திரி அணைத்தால் ஈசல் வராது, ஈசல் வராவிட்டால் தேரையும் வராது. பக்கத்து வீட்டாரிடம் நாய்க்குத் தண்ணீர் வைக்கும் கிண்ணத்தை இருட்டுவதற்குள் உள்ளே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். தேரை அதில்தான் வந்து உட்காரும்.